குழந்தையின் தலையைப் படித்த மேதை: டாக்டர் ருடால்ப் விர்ச்சோ

பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். அப்பா ஜாடையா, அம்மா ஜாடையா என்று பேசுவார்கள். வீட்டுப் பெரியவர்களின் கண் மட்டும் தலைக்குப் போகும். தலை உருண்டையாக இருக்கிறதா, ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறதா, உச்சிக்குழி எப்படித் துடிக்கிறது என்று கவனிப்பார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது உள்ளங்கையால் தலையை வழித்து விடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். வட மாநிலங்களில் கடுகு நிரப்பிய சிறு தலையணையைக் குழந்தையின் தலைக்கு வைப்பார்கள். அங்கே குடியேறிய நம்மவர்களில் சிலரும் அதைப் பார்த்துப் பழகிக் கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் தலைக் கோணல் எல்லாம் ஒரே கோணல் அல்ல. தானாகவே சரியாகிவிடும் கோணல் உண்டு. ஆபரேஷன் செய்தால்தான் சரியாகும் கோணலும் உண்டு. ஆபரேஷன் செய்து எந்தப் பயனும் இல்லாத நிலையும் உண்டு. எது எந்த வகை என்று தெரியாமல் கை வைப்பது ஆபத்து.

குழந்தையின் தலை ஏன் கோணுகிறது என்பதற்கு ஒரு விதியை வகுத்துக் கொடுத்தவர் ஜெர்மானிய டாக்டர் ருடால்ப் விர்ச்சோ. முப்பது வயதை எட்டும் நேரத்தில் அவர் கண்ட அந்த விதி, ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும் டாக்டர்களுக்கு வழி காட்டுகிறது. அந்த விதியைத் தவறாகப் புரிந்து கொண்டவர்களால் பச்சிளங்குழந்தைகள் உயிரிழந்ததும் உண்டு. இரண்டும் சேர்ந்ததுதான் அவருடைய கதை.

விவசாயியின் மகன்

பிரஷ்யா நாட்டின் பொமரேனியா பகுதியில் ஷிவல்பைன் என்று ஒரு சிற்றூர். இன்று அது போலந்து நாட்டில் இருக்கிறது. 1821-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி அங்கே ருடால்ப் பிறந்தார். தந்தை விவசாயம் செய்து கொண்டே ஊர் நிர்வாகத்தில் பொருளாளராகவும் இருந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. வசதி அதிகம் இல்லை.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். பாதிரியார் ஆகலாம் என்று முதலில் எண்ணினார். பிரசங்கம் செய்யத் தம்முடைய குரல் போதாது என்று அந்த எண்ணத்தைக் கைவிட்டார். ராணுவத்துக்கு டாக்டர்களைத் தயார் செய்யும் கல்லூரி ஒன்று பெர்லினில் இருந்தது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளில் திறமைசாலிகளைச் சேர்த்துக் கொண்டு, அரசாங்கச் செலவில் படிக்க வைப்பார்கள். 1839-ல் அங்கே சேர்ந்த ருடால்ப், 1843-ல் டாக்டர் ஆனார்.

பெர்லினில் உள்ள சாரிட்டே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து நோயின் காரணத்தைக் கண்டுபிடிப்பது அவர் பொறுப்பு. பலரும் தயங்கும் அந்த வேலையை அவர் விரும்பிச் செய்தார். மைக்ராஸ்கோப்பும் கையுமாக இருந்தார்.

1845-ல், இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். இன்று நாம் இரத்தப் புற்றுநோய் என்று சொல்லும் லுகேமியாவுக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் அவரே. காலில் உறையும் இரத்தக் கட்டி, அங்கிருந்து பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக் கொள்ளும் என்பதையும் அவர் நிரூபித்தார். 1847-ல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து மருத்துவ ஆராய்ச்சி இதழ் ஒன்றைத் தொடங்கினார். அது இன்றும் அவர் பெயரிலேயே வெளிவருகிறது.

பதவி பறிபோனது

1848-ம் ஆண்டு அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. மேல் சைலீசியா பகுதியில் கொடிய விஷக்காய்ச்சல் பரவி, பஞ்சமும் சேர்ந்து, ஏழை மக்கள் மடிந்து கொண்டிருந்தார்கள். நிலைமையைப் பார்த்து வர அரசாங்கம் அவரை அனுப்பியது. சுமார் மூன்று வாரம் அங்கே சுற்றினார்.

அவர் கொடுத்த அறிக்கை அரசாங்கத்தைத் திகைக்க வைத்தது. மருந்து அனுப்புங்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்தார்கள். அவரோ, மக்களுக்குக் கல்வி கொடுங்கள், வேலை கொடுங்கள், வரிச்சுமையைக் குறையுங்கள், அவர்கள் பேசும் போலிஷ் மொழியில் ஆட்சி நடத்துங்கள் என்ற பொருளில் எழுதினார். நோயின் வேர் வறுமையில் இருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

அவர் பெர்லின் திரும்பிய சில நாட்களில் புரட்சி வெடித்தது. மக்கள் தெருக்களில் தடுப்புச் சுவர் எழுப்பிப் போராடினார்கள். டாக்டர் விர்ச்சோவும் அவர்களோடு நின்றார். புரட்சி அடங்கியதும் அரசாங்கம் அவர்மீது பாய்ந்தது. 1849-ல் ஆஸ்பத்திரிப் பதவி ஆட்டம் கண்டது. அந்த நேரத்தில், தெற்கே பவேரியாவில் உள்ள வுர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. நோயுற்ற உடலின் கூறுகளை ஆராய்வதற்கென்றே ஜெர்மனியில் ஏற்படுத்தப்பட்ட முதல் பேராசிரியர் பதவி அது. பெர்லின் தள்ளிவிட்டவரை வுர்ட்ஸ்பர்க் ஏற்றுக் கொண்டது. அடுத்த ஆண்டில் ரோஸ் மேயர் என்ற பெண்ணை மணந்து கொண்டார். அவர்களுக்கு ஆறு குழந்தைகள் பிறந்தனர்.

மண்டை ஓட்டில் தையல்

வுர்ட்ஸ்பர்க்கைச் சுற்றிய பிரங்கோனியா பகுதிக் கிராமங்களில் ஒரு வேதனைக் காட்சி இருந்தது. உடல் குறுகி, அறிவு வளராமல், பலர் கழுத்தில் கழலையோடு, பிறர் தயவில் காலம் தள்ளினார்கள். அந்த நிலைக்குக் கிரெட்டினிசம் என்று பெயர். கிராமங்களுக்குப் போய் விர்ச்சோ அவர்களைப் பார்த்தார். இறந்தவர்களின் மண்டை ஓடுகளைச் சேகரித்து அளந்தார். அதோடு, கோணலான மண்டை ஓடு எங்கே கிடைத்தாலும் எடுத்து ஆராய்ந்தார்.

அவர் கண்டதைப் புரிந்து கொள்ள, மண்டை ஓட்டின் அமைப்பைச் சற்றுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

நம் மண்டை ஒரே எலும்பு அல்ல. பல எலும்புத் தகடுகள் சேர்ந்தது. பெரியவர்களுக்கு அவை இறுகிப் போயிருக்கும். குழந்தைக்கு அப்படி அல்ல. தகடும் தகடும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய நார்த்திசு ஓடுகிறது. பார்வைக்குத் துணியில் போட்ட தையல் போலவே இருப்பதால் மருத்துவர்கள் அதைத் தையல் என்றே சொல்கிறார்கள். பல தையல்கள் கூடும் இடம்தான் உச்சிக்குழி. முன் உச்சிக்குழி பெரும்பாலும் ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் மூடிக் கொள்ளும்.

இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு காரணங்கள். பிரசவத்தின்போது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று நழுவி, தலை வெளியே வர வழி விடுகின்றன. பிறந்த பின் மூளை வேகமாக வளர இடம் கொடுக்கின்றன. பிறக்கும்போது சுமார் 35 சென்டிமீட்டர் இருக்கும் தலைச் சுற்றளவு, ஒரு வயதில் சுமார் 46 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. மூளையின் எடை இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிறது.

குழந்தைக்குச் சட்டை தைக்கிற தையற்காரர், ஓரத்தில் கொஞ்சம் துணியை உள்ளே மடித்து விட்டுத் தைப்பார். குழந்தை வளர வளரப் பிரித்து விடலாம். இயற்கையும் மண்டை ஓட்டில் அப்படித்தான் இடம் விட்டு வைத்திருக்கிறது.

விர்ச்சோவின் விதி

ஏதோ ஒரு தையல் மட்டும் காலத்துக்கு முன்பே எலும்பாக இறுகிவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு 1851-ல் வுர்ட்ஸ்பர்க் அறிஞர் சபையில் விர்ச்சோ விடை சொன்னார்.

தையல் இறுகிய இடத்தில், அந்தக் கோட்டுக்குக் குறுக்குத் திசையில் மண்டை வளர முடியாது. மூளையோ உள்ளிருந்து தள்ளிக் கொண்டே இருக்கிறது. ஆகவே மற்றத் தையல்கள் வழி விட, இறுகிய கோடு ஓடும் திசையிலேயே மண்டை அதிகமாக நீளுகிறது. இதுதான் விர்ச்சோவின் விதி.

நெற்றிக்கு மேலிருந்து பின்தலை வரை நடு உச்சியில் ஓடும் தையல் இறுகினால், தலை அகலமாக முடியாது. முன்னும் பின்னும் நீண்டு, கவிழ்த்த படகு போல ஆகிவிடும். காதுக்குக் காது குறுக்கே ஓடும் தையல் இரு பக்கமும் இறுகினால், தலை முன்பின் குறுகி அகலமாகும், உயரும். அதுவே ஒரு பக்கம் மட்டும் இறுகினால் அந்தப் பக்க நெற்றி சப்பையாகி, மறுபக்க நெற்றி புடைக்கும். நெற்றி நடுவில் உள்ள தையல் வெகு சீக்கிரம் இறுகினால் நெற்றி முக்கோணமாகக் கூம்பும்.

தலையின் உருவத்தைப் பார்த்தே எந்தத் தையல் பழுது என்று சொல்லிவிடலாம். அதுவரை விதியின் விளையாட்டு என்றும், கர்ப்பிணி எதையோ கண்டு பயந்ததன் விளைவு என்றும் எண்ணப்பட்ட கோணல்களுக்கு ஒரு கணக்கு கிடைத்தது. சோமரிங் என்ற உடற்கூற்று அறிஞர் அரை நூற்றாண்டுக்கு முன்பே தையல்களின் முக்கியத்தைக் கவனித்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சிதறிக் கிடந்த செய்திகளை ஒரு விதியாகக் கோத்தவர் விர்ச்சோதான்.

அவர் சொன்னது எல்லாமே சரியாகிவிடவில்லை. கிரெட்டினிச நோயாளிகளின் முகத்தோற்றத்துக்கும் மண்டையின் அடித்தள எலும்புகள் சீக்கிரம் இறுகுவதே காரணம் என்று அவர் கருதினார். உண்மைக் காரணம் மண்ணிலும் நீரிலும் அயோடின் சத்து இல்லாததும், அதனால் தைராய்டு சுரப்பி குன்றுவதும்தான் என்று பிற்காலத்தில் தெரிந்தது. நம் நாட்டில் இமயமலை அடிவாரப் பகுதிகளை வாட்டிய கழலை நோயும் இதே இனம். அதைத் தடுக்க 1962-ல் தேசியத் திட்டம் தொடங்கி, அயோடின் கலந்த உப்பு கொடுக்கப்பட்டது. அறுவைச் சிகிச்சையால் தீராத ஒரு துயரம் ஒரு சிட்டிகை உப்பில் தீர்ந்தது.

மீண்டும் பெர்லின்

ஏழு ஆண்டுகளில் வுர்ட்ஸ்பர்க்கில் அவர் புகழ் ஓங்கியது. தள்ளிவிட்ட பெர்லினே 1856-ல் அவரைத் திரும்ப அழைத்தது. தனி ஆராய்ச்சி நிலையம் கட்டித் தருவதாக ஒப்புக் கொண்ட பிறகே அவர் போனார். 1858-ல் அங்கே அவர் நிகழ்த்திய இருபது சொற்பொழிவுகள் மருத்துவ உலகையே மாற்றின. உடம்பு செல்களால் ஆனது, ஒவ்வொரு செல்லும் வேறொரு செல்லிலிருந்தே பிறக்கிறது, நோய் என்பது செல்லில் ஏற்படும் கோளாறே என்று அவர் விளக்கினார். ரெமாக் என்ற அறிஞரும் செல்லின் பிறப்பைப் பற்றி முன்னரே இவ்வாறு கண்டிருந்தார். எனினும் அதை மருத்துவத்தின் அடிப்படையாக நிலைநாட்டியவர் விர்ச்சோ.

சைலீசியாவில் கண்ட ஏழைகளை அவர் மறக்கவில்லை. 1859-ல் பெர்லின் நகரசபை உறுப்பினர் ஆனார். சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். சாக்கடை நீர் தெருவில் ஓடிய நகரத்துக்குப் பாதாளச் சாக்கடை வர வேண்டும் என்று வாதாடினார். ஹோப்ரெக்ட் என்ற எஞ்சினியரின் திட்டப்படி 1873-ல் அந்த வேலை தொடங்கியது. பன்றி இறைச்சியில் உள்ள புழுக்களால் மக்கள் சாவதைத் தடுக்க, இறைச்சிப் பரிசோதனை வேண்டும் என்று போராடினார்.

பிரஷ்யச் சட்டசபையில் பிஸ்மார்க்கின் ராணுவச் செலவை எதிர்த்து நின்றார். 1865-ல் ஆத்திரம் தாங்காத பிஸ்மார்க் அவரைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். அந்தக் காலத்தில் மறுத்தால் கோழை என்பார்கள். விர்ச்சோ மறுத்துவிட்டார். கருத்து வேற்றுமையைத் தோட்டாவால் தீர்ப்பது நாகரிகம் அல்ல என்பது அவர் எண்ணம்.

தலையும் இனமும்

மண்டை ஓட்டின் மீது அவருக்கிருந்த ஆர்வம் கடைசிவரை குறையவில்லை. 1869-ல் பெர்லினில் மானிடவியல் சங்கம் அமைக்க முன்னின்றார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. தலையின் நீள அகலத்தை அளந்து, இன்ன தலை உயர்ந்த இனம், இன்ன தலை தாழ்ந்த இனம் என்று பேசினார்கள்.

ஜெர்மனியில் 67 லட்சத்துக்கும் அதிகமான பள்ளிக் குழந்தைகளின் முடி, கண், தோல் நிறங்களைக் கணக்கெடுக்க விர்ச்சோ ஏற்பாடு செய்தார். 1886-ல் முடிவு வெளியாயிற்று. பொன்னிற முடியும் நீலக் கண்ணும் ஜெர்மானியருக்கு மட்டும் சொந்தம் என்ற பேச்சு பொய்த்தது. யூதக் குழந்தைகளிலும் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலானவர்கள் அந்த நிறத்தினராக இருந்தார்கள். தூய இனம் என்று எதுவும் இல்லை என்பது தெளிவாயிற்று. யூதர்களுக்கு எதிராக அரசியலில் கிளம்பிய வெறுப்பையும் அவர் எதிர்த்தார். அந்தக் குரலை ஜெர்மனி பின்னாளில் மறந்ததன் விலையை உலகம் அறியும்.

ஒரு மண்டை ஓட்டில் மட்டும் அந்தக் கூரிய கண் தவறியது. நியாண்டர் பள்ளத்தாக்கில் 1856-ல் கிடைத்த பழங்கால மனிதனின் எலும்புகளை 1872-ல் அவர் பார்த்தார். குழந்தைப் பருவத்தில் எலும்பு நோய் வந்த சாதாரண மனிதன் என்று தீர்ப்புச் சொன்னார். அது வேறொரு பழைய மனித வகை என்பதைப் பின்னர் கிடைத்த எலும்புகள் நிரூபித்தன. எந்தக் கோணலிலும் நோயைத் தேடிப் பழகிய கண், அங்கே இயற்கையை நோய் என்று எண்ணிவிட்டது.

அவசரப்பட்ட கத்தி

விர்ச்சோ விதி சொன்னாரே தவிர, குழந்தைகளின் தலையில் கத்தி வைக்கவில்லை. அதைச் செய்தவர்கள் வேறு நாட்டவர்.

1888-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், தலை மிகச் சிறுத்த குழந்தையுடன் ஒரு தாய் டாக்டர் லேன் என்பவரிடம் வந்தாள். எலும்புக்குள் அடைபட்டுக் கிடக்கும் தன் குழந்தையின் மூளையைத் திறந்துவிட முடியாதா என்று கெஞ்சினாள். அவர் ஆபரேஷன் செய்தார். ஒரு நாள் முடிவதற்குள் குழந்தை இறந்தது. 1890-ல் பாரிஸ் நகரில் லானலாங் என்ற பெயர்பெற்ற டாக்டர் இதே வகை ஆபரேஷனைச் செய்து, மண்டை எலும்பில் நீளவாட்டில் பட்டையாக வெட்டி எடுத்தார். செய்தி பரவியது. அறிவு வளராத குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு பெற்றோர் டாக்டர்களைத் தேடி ஓடினார்கள்.

தையல் இறுகியதால் மூளை வளரவில்லை, தையலைப் பிரித்தால் மூளை வளர்ந்துவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. விர்ச்சோவின் விதியிலிருந்து பிறந்த கணக்குதான். ஆனால் தலைகீழாகப் போட்ட கணக்கு. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மூளையே பிறவியில் வளர்ச்சி குன்றியது. உள்ளிருந்து தள்ள மூளை இல்லாததால் மண்டை சிறுத்தது. வீட்டில் ஆள் இல்லாததால் மூடிய கதவு அது. கதவை உடைத்தால் ஆள் வந்துவிடமாட்டார்.

இந்த மோகத்துக்குக் கடிவாளம் போட்டவர் டாக்டர் ஆபிரகாம் ஜேக்கபி. அமெரிக்காவில் குழந்தை மருத்துவத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அவரும் ஜெர்மனியில் பிறந்தவர். விர்ச்சோ நம்பிய அதே சுதந்திரக் கொள்கைக்காகச் சிறை சென்று, பிறகு நியூயார்க்கில் குடியேறியவர். தம் அருமை மகனைத் தொண்டை அடைப்பான் நோய்க்குப் பறிகொடுத்தவர். குழந்தையைப் பறிகொடுப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். 1894-ல் டாக்டர்கள் கூடிய சபையில் அவர் கணக்கு வைத்தார். ஆபரேஷன் செய்யப்பட்ட 33 குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்திருந்தார்கள். பிழைத்தவர்களுக்கும் அறிவு திறக்கவில்லை. பேரார்வம் மட்டும் சிகிச்சை ஆகாது என்று அவர் கண்டித்தார். அத்துடன் அந்த ஆபரேஷன் மெல்ல மறைந்தது. உண்மையிலேயே தையல் இறுகிய குழந்தைகளுக்குச் சிகிச்சை தேவை என்று 1920-களுக்குப் பிறகே டாக்டர்கள் மீண்டும் துணிந்தார்கள்.

டிராமிலிருந்து குதித்தார்

எண்பது வயதிலும் விர்ச்சோ சுறுசுறுப்பாக இருந்தார். 1902-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி பெர்லின் லைப்சிக் தெருவில், ஓடும் டிராம் வண்டியிலிருந்து குதித்தார். தொடை எலும்பு முறிந்தது. வாழ்நாள் முழுவதும் எலும்புகளை ஆராய்ந்தவரை ஒரு எலும்பு முறிவு படுக்கையில் கிடத்தியது. எழுந்து நடமாட முயன்றும் உடல் தேறவில்லை. செப்டம்பர் 5-ந் தேதி காலமானார்.

இன்றைய நிலை

அவருக்குப் பின் விதி சில திருத்தங்களைக் கண்டது. 1959-ல் அமெரிக்க அறிஞர் மாஸ், மண்டையின் அடித்தளத்திலும் கோளாறு இருக்கலாம் என்று காட்டினார். 1990-களில் சில வகைகளுக்குக் காரணமான மரபணுக்கள் தெரிய வந்தன. 1967-ல் பிரெஞ்சு டாக்டர் டெஸியே, முகமும் மண்டையும் சேர்ந்து கோணிய கடுமையான வகைகளைச் சீர்படுத்தும் முறையை உலகுக்குக் காட்டினார்.

சுமார் இரண்டாயிரம் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு குழந்தைகளில் ஒன்றுக்குத் தையல் முன்னதாக இறுகுகிறது. அவற்றில் ஏறத்தாழப் பாதி, நடு உச்சித் தையல் இறுகும் படகுத் தலை. பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் ஆபரேஷன் செய்கிறார்கள். மூன்று, நான்கு மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டால், சிறிய துளை வழியே குழாய்க் கருவியை விட்டு இறுகிய எலும்புப் பட்டையை எடுத்துவிட முடிகிறது. பிறகு சில மாதங்கள் தலைக்கவசம் அணிவித்து உருவத்தைச் சீராக்குகிறார்கள். காலம் தாழ்ந்தால் மண்டையைப் பெரிதாகத் திறந்து எலும்புகளை மாற்றி அமைக்க வேண்டியிருக்கும். லானலாங் காலத்தில் பாதிக் குழந்தைகளைக் கொன்ற சிகிச்சை, நல்ல மயக்க மருந்தும் இரத்தம் ஏற்றும் வசதியும் தேர்ந்த குழுவும் இருக்கும் ஆஸ்பத்திரிகளில் இன்று பெரும்பாலும் ஆபத்தின்றி முடிகிறது.

படுக்கையால் வரும் சப்பை

இதைவிடப் பல மடங்கு அதிகமாகக் காணப்படுவது வேறு. அதில் தையலுக்கு ஒரு பழுதும் இல்லை. எப்போதும் ஒரே பக்கமாகப் படுப்பதால் அந்த இடம் சப்பையாகிறது. தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தடுக்க, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்று 1992-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அறிவுரை சொன்னது. அதைப் பின்பற்றியதால் அங்கே அத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. பின்தலை சப்பையான குழந்தைகள் மட்டும் பெருகினார்கள். உயிருக்கு முன்னால் சப்பை பெரிதல்ல. ஆகவே மல்லாக்கப் படுக்க வைப்பதை மாற்றக் கூடாது.

இரண்டையும் பிரித்தறிய விர்ச்சோவின் கண் உதவுகிறது. படுக்கையால் சப்பையான தலையை மேலிருந்து பார்த்தால், சாய்ந்த நாற்கரம் போல இருக்கும். சப்பையான பக்கத்துக் காது முன்னோக்கித் தள்ளியிருக்கும். தையலின் மேல் விரல் வைத்தால் மேடு தட்டுப்படாது. தையல் இறுகிய தலையில் அந்தக் கோட்டில் வரப்பு போல எலும்பு மேடு தட்டுப்படலாம். பிறந்த நாளிலிருந்தே கோணல் இருக்கும், வாரத்துக்கு வாரம் கூடும்.

படுக்கைச் சப்பைக்கு மருந்து எளிது. படுக்க வைக்கும் திசையை மாற்ற வேண்டும். குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர் பக்கத்தில் இருந்து, சிறிது நேரம் குப்புறப் போட வேண்டும். ஒரே பக்கம் கழுத்து இழுத்திருந்தால் அதற்குரிய பயிற்சி கொடுக்க வேண்டும். தலைக்கவசம் எல்லோருக்கும் தேவை இல்லை. நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2014-ல் வெளிவந்தது. மிதமான கோணல் உள்ளவர்களில், கவசம் போட்டவர்களும் போடாதவர்களும் இரண்டு வயதில் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தார்கள்.

கையால் அழுத்தித் தலையைப் பிடித்து விடுவதால் இறுகிய தையல் பிரியாது. இறுகாத தையலுக்கு அழுத்தமே தேவை இல்லை. எண்ணெய் தேய்த்து இதமாகத் தடவுவதோடு நிறுத்திக் கொள்வதே நல்லது. தலையைச் சீராக்கும் என்று விற்கப்படும் தலையணைகள் மூச்சு முட்டச் செய்யலாம் என்று 2022-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. கடுகுத் தலையணையிலும் அந்த ஆபத்து உண்டு என்பதைப் பாட்டிமார்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம்.

தடுப்பூசிக்குப் போகும்போதே தலைச் சுற்றளவை அளந்து குறிக்கச் சொல்லுங்கள். மேடு தட்டுப்பட்டாலும், நெற்றி ஒரு பக்கம் உள்வாங்கினாலும், கோணல் கூடிக் கொண்டே போனாலும் உடனே குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று ஒரு வருடம் காத்திருப்பது சிகிச்சையைக் கடினமாக்கும். காரணம் தெரியும்முன் கத்தியைத் தேடி ஓடுவதும் தவறு. முதலில் காரணம், பிறகு சிகிச்சை என்பதுதான் விர்ச்சோ வாழ்நாள் முழுவதும் கற்பித்த பாடம்.

பெர்லின் நகரம் 1906-ல் புதிய ஆஸ்பத்திரி ஒன்றைத் திறந்து அவர் பெயரைச் சூட்டியது. ஒரு காலத்தில் அவருடைய பதவியை ஆட்டிப் பார்த்த அதே சாரிட்டே நிலையத்தின் ஒரு வளாகமாக அது இன்று விளங்குகிறது. குழந்தைகளுக்கான மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவும் அங்கேதான் இருக்கிறது. தலை கோணிய பச்சிளங்குழந்தைகளை மடியில் வைத்துக் கொண்டு தாய்மார்கள் அங்கே காத்திருக்கிறார்கள்.